பெயர் சொல்லாத அக்கா

எங்கள் கோயிலில் பெண்கள் உட்காரும் பக்கம் ஒரு மின்விசிறி இருக்கிறது. தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். அந்த விசிறியின் றெக்கைகளில் என் ஓரகத்தியின் பெயரையும் அவர் கணவர் பெயரையும் சிவப்பு பெயின்டில் எழுதி, கீழே ‘அன்பளிப்பு’ என்று போட்டிருக்கிறார்கள். விசிறி சுற்றும்வரை ஒன்றும் தெரியாது. கரண்ட் போனால் மெல்ல மெல்ல நின்று, எழுத்து எழுத்தாக என் தலைக்கு மேலே வந்து நிற்கும். ஆராதனை நேரத்தில் கரண்ட் போகக்கூடாது என்று எங்கள் சபையில் என்னைப்போல் ஊக்கமாக ஜெபித்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. வாயால் கூப்பிடும்போது அக்கா. மனதுக்குள் பெரும்பாலும் ‘அவள்’தான். எழுத்தில் எதைப் போடுவது என்று யோசித்து, மரியாதையாகவே எழுதுகிறேன். ஆண்டவர் படிப்பார்.

நான் தையல்காரி. மாடியில் அவர்கள் குடும்பம், கீழே நாங்கள். கீழ் வீட்டின் முன் அறைதான் என் கடை. தலையைத் தூக்கினால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரியும்; கழுத்து வலித்தால் தூக்குவேன். கோட்டைக் குரங்குகள் தெருவரைக்கும் வருவதால் தைத்த ஜாக்கெட்டை ஜன்னலோரம் மாட்டுவதில்லை. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், போனால் வரப் பல நாள் ஆகும். ஆகவே என் உலகம் என்பது மிஷின், வாடிக்கைக்காரர்கள், கோயில், பிறகு என் தலைக்கு மேலே நடக்கும் ஓரகத்தியின் காலடிச் சத்தம்.

அந்தக் காலடிகூட மெதுவாகத்தான் இருக்கும். அவரிடம் சத்தமாக எதுவுமே கிடையாது. ஜெபக்கூட்டத்தில் அவர் “அன்பின் தகப்பனே” என்று ஆரம்பித்தாலே முன்வரிசையில் மூக்கு உறிஞ்சுவார்கள். நான் ஜெபித்தால் மணி பார்ப்பார்கள். என் குரல் அப்படி, தகரத்தை இழுத்துக்கொண்டு போவது மாதிரி. குரலாவது போகட்டும். யாரைப் பற்றியாவது நான் சுவாரஸ்யமாக வாயைத் திறந்தால், “விடும்மா, அவங்களுக்கு இன்னா கஷ்டமோ” என்பார். அதற்குமேல் எப்படிப் பேசுவது? எத்தனையோ அருமையான செய்திகள் என் தொண்டையிலேயே செத்துப்போயிருக்கின்றன.

கெட்டவள்மேல் பொறாமைப்படுவது சுலபம். குறை சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். நல்லவள்மேல் வந்த பொறாமைக்கு மருந்தே கிடையாது. வயிறு எரியும், எரிவது தப்பு என்றும் தெரியும். அது தெரிவதால் இன்னும் கொஞ்சம் எரியும்.

ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபை ஆயர், கொடுப்பதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஊருக்குத் தெரியும்படி கொடுப்பவன் அப்போதே கூலி வாங்கிவிட்டான், வலது கை கொடுப்பது இடது கைக்குக்கூடத் தெரியக்கூடாது என்றார். நான் இடது கைக்காரி. கத்தரிக்கோல், ஊசி எல்லாமே இடது கையில்தான். சின்ன வயதில் அடி வாங்கி வாங்கி, சாப்பிடுவதற்கும் காணிக்கை போடுவதற்கும் மட்டும் வலது கையைப் பழக்கினேன். என் விஷயத்தில் எந்தக் கைக்கு எது தெரியக்கூடாது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. விசிறி நின்றது. அன்பளிப்பு.

நாலைந்து பேர் மேலே பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் கொட்டு மேளம். ஓரகத்தி தலை குனிந்தார். ஆராதனை முடிந்ததும் நேராக ஆயரிடம் போய், “ஐயா, அந்தப் பேர அழிச்சிடுங்க, எங்களுக்கு தெரியாம எழுதிட்டாங்க” என்றார். சபைக் கமிட்டிக்காரர்கள் அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெயரும் அழியவில்லை, பெயரை அழிக்கச் சொன்னார் என்ற நல்ல பெயர் வேறு சேர்ந்துகொண்டது. வழியெல்லாம் அதையேதான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

அன்றைக்கு முடிவு செய்தேன். ரகசியமாகக் கொடுப்பதில் இவரை முந்திவிடுவது.

எனக்குச் சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. கல் கம்மல் வாங்கத்தான் அந்தச் சீட்டே போட்டேன். ஓரகத்தி காதில் இருப்பதைப்போல, முடிந்தால் கொஞ்சம் பெரிதாக. அதே சமயம் என்னிடம் தையல் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண் வீட்டில் கஷ்டம். பக்கத்து ஊரான வல்லத்திலிருந்து பஸ்ஸில் வருவாள், எங்கள் சபைதான். வல்லத்துக்காரி என்றே எல்லோரும் சொல்வோம். அவள் கணவன் செஞ்சி கமிட்டியில், அதாவது நெல்லும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் ஏலம் போகும் விற்பனைக்கூடத்தில் மூட்டை தூக்குகிறவன். மூட்டையோடு விழுந்து இடுப்பு போய்ப் படுத்துவிட்டான். சொந்தமாக மிஷின் இருந்தால் வீட்டிலிருந்தபடியே அவள் பிழைத்துக்கொள்வாள்.

பணத்தை ஆயரிடம் கொடுத்தேன். மோட்டார் வைத்த புது மிஷினாக வாங்கி அவள் வீட்டில் இறக்கிவிடச் சொன்னேன். “குடுத்தது யாருன்னு மட்டும் யாருக்கும் தெரியக்கூடாது ஐயா” என்றேன்.

“என் உயிர் போனாலும் சொல்லமாட்டேம்மா” என்றார்.

அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ரகசியம் என்றால் எப்படியும் கொஞ்சம் கசியும் என்று நம்பித்தான் நான் ரகசியமாகக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரம். எங்கள் சபையில், ஆண்டவர் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். வல்லத்துக்காரி எழுந்தாள். மிஷின் வந்து இறங்கியதை, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததை, படுத்துக்கிடந்த கணவன் அழுததை எல்லாம் சொன்னாள். நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“குடுத்தது ஒரு அக்கா. பேரு சொல்லக்கூடாதுன்னு ஐயா சொல்லிட்டாங்க. ஆனா அவங்க யாருன்னு எனக்குத் தெரியும். சபைக்கும் தெரியும்” என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி, கண்ணீர் வழிய, என் ஓரகத்தியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

சபை முழுக்கத் திரும்பியது. ஓரகத்தி ஒரு கணம் விழித்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். இல்லை என்று சொல்லவில்லை. மேலே விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது, இருந்தும் அதில் அவர் பெயர் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது.

அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. திருடி! வேறு என்ன சொல்வது? என் கம்மலை என் காதிலிருந்து கழற்றி அவர் மாட்டிக்கொண்ட மாதிரிதானே இது? கோயிலில் எல்லோரும் அவர் கையைப் பிடித்துப் பிடித்துப் பேசினார்கள். சபை வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகளாக வந்து விழுந்தன. கூடவே ஒரு பெண் எனக்குத் தனியாக அனுப்பினாள், ‘உங்க ஓரகத்தியைப் பார்த்து நாமெல்லாம் கத்துக்கணும்’ என்று. போனைத் துணிக்கட்டுக்கு அடியில் போட்டுவிட்டு மிஷினை மிதித்தேன். ஆயரிடம் போய், உண்மையைச் சொல்லச் சொல்லலாமா என்று இரண்டு முறை செருப்பைப் போட்டேன். சொன்னால் கொடுத்தது கெட்டுவிடும். சொல்லாவிட்டால் நான் கெட்டுவிடுவேன்போல் இருந்தது.

இதற்கு நடுவே பெண்கள் ஞாயிறு நெருங்கியது. வருஷத்தில் அந்த ஒரு ஞாயிறு ஆராதனையைப் பெண்களே நடத்துவோம். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் புடவை. அந்த வருஷம் மயில்கழுத்து நிறம். ஜாக்கெட் முழுக்க வழக்கமாக என் மிஷினில்தான் வந்து விழும். இந்த முறை பாதி வல்லத்துக்குப் போனது. பாவம், புது மிஷின், உதவி செய்வோம் என்று எல்லோருக்கும் இரக்கம். என் சீட்டுப் பணத்தில் நானே எனக்குப் போட்டிக் கடை வைத்துக்கொடுத்திருக்கிறேன். மேல்சித்தாமூரிலிருந்து தைக்கக் கொடுக்க வரும் ஜைன நயினார் வீட்டு அம்மா ஒருவர், “இன்னாம்மா, பண்டிக நேரத்துல கை சும்மா இருக்குது?” என்று வேறு கேட்டார். ஓரகத்தி ஜாக்கெட்டுக்கு மட்டும் வல்லத்துக்காரி கூலி வாங்கவில்லையாம். அந்த மிஷினில் தைத்த முதல் ஜாக்கெட் அதுதானாம். முதற்பலன் காணிக்கை!

பண்டிகைக்கு முந்தின நாள் ஓரகத்தி மாடியிலிருந்து ஒரு பையோடு இறங்கி வந்தார். பையில் அந்த ஜாக்கெட்.

“கக்கத்துல பிடிக்குதும்மா. கையத் தூக்க முடியல. ராத்திரி ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன்.”

வாங்கிப் பார்த்தேன். கை வெட்டு தப்பு. பழகுகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்புதான். சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

“தைச்சவகிட்டயே குடுக்க வேண்டியதுதான?” என்றேன்.

“மனசு ஒடைஞ்சிடுவா. மொத மொத தைச்சிருக்கா. நீ பிரிச்சு சரி பண்ணிக் குடு. அவளுக்குத் தெரிய வாணாம்.”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. “ஆமா, மிஷின் வாங்கிக் குடுத்த மகராசிக்கு ஆசையா தைச்சது. பிரிச்சா கஷ்டமாத்தான் இருக்கும்” என்றேன். குரல் தகரமாகவே வந்தது.

ஓரகத்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நான் எங்கம்மா வாங்கிக் குடுத்தேன்? நான் அவ வீட்டுக்கு அரிசிதான் அனுப்புனேன். அவ அழுவறப்ப அதத்தான் சொல்றான்னு மொதல்ல நெனச்சேன். மிஷினுன்னு புரிஞ்சதும் எழுந்து நான் இல்லன்னு சொல்லலாம்னுதான் பாத்தேன்.”

“சொல்ல வேண்டியதுதான?”

“நான் இல்லன்னா அப்ப யாருன்னு மொத்த சபையும் தேடும். குடுத்தவங்க மறைச்சுக் குடுத்திருக்காங்க. நானா காட்டிக் குடுக்கிறது?” கொஞ்ச நேரம் என் காதையே பார்த்தார். “சீட்டு எடுத்தியே, அதே பழைய கம்மல்தான காதுல கெடக்குது? எனக்குக் கண்ணு இல்லியா? நீன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். உன் ரகசியத்த மூடத்தான் நான் வாய மூடுனேன்.”

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், கட்டிக்கொண்டிருக்க வேண்டும். சாட்சி சொல்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு வந்தது என்னவோ அதே எரிச்சல், பழையதைவிடக் காரமாக. என் ரகசியத்தைக்கூட என்னைவிட நன்றாகக் காப்பாற்றத் தெரிந்தவர் அவர்! கொடுத்தவள் நான், ஆனால் கொடுக்கிற மனசு அவரிடம் இருக்கிறது.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா” என்றேன்.

“சத்தியமா சொல்லமாட்டேன்” என்றார். சொல்லவும் இல்லை. இரண்டு மூன்று நாள் காத்திருந்து பார்த்தேன், ஒரு ஈ காக்கைக்குக்கூடச் சொல்லவில்லை.

ஜாக்கெட்டைப் பிரித்தேன். கை வெட்டைத் திருத்தி, உள்ளே விட்டிருந்த துணியை இழுத்துவிட்டு, மறுபடி தைத்து, கை விளிம்பை ஊசியால் ஹெம்மிங் செய்தேன். எரிச்சலோடு உட்கார்ந்தாலும் வேலையில் குறை வைக்க எனக்குத் தெரியாது. என் தொழிலில் நான் செய்த மிக நல்ல ஜாக்கெட்டுகளில் அதுவும் ஒன்று. அதைப் போட்டுக்கொண்டு பெண்கள் ஞாயிறு அன்று ஓரகத்தி வேதபாடம் வாசித்தார். கையை எவ்வளவு வேண்டுமானாலும் தூக்க முடிந்தது.

ஆராதனைக்குப் பிறகு எல்லோருக்கும் பிரியாணி. ஓரகத்தி குடம் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். வல்லத்துக்காரி டம்ளரை நீட்டினவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் கண் ஓரகத்தியின் கை விளிம்பில் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. வலது கைக்காரர்கள் போடும் ஹெம்மிங் ஒரு பக்கம் சாயும். என்னுடையது எதிர்ப்பக்கம் சாயும். மற்றவர்கள் யாருக்கும் அது தெரியாது. என் பக்கத்திலேயே உட்கார்ந்து, என் ஊசியையே பார்த்துப் பழகியவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். கடைக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

“நான் தைச்சத நீங்கதான பிரிச்சீங்க?”

“ஆமாம்மா.”

“கூலி வாங்காம, அவ்ளோ ஆசையா, ஜெபம் பண்ணிக்கினு தைச்சேன் அக்கா. அவங்க பண்ண உதவிக்கு என்னால முடிஞ்சது அதான். அதக்கூட பொறுக்க முடியாம, அவங்ககிட்ட நொட்ட சொல்லி வாங்கிப் பிரிச்சீங்களா? ஆர்டரெல்லாம் எனக்கு வந்துட்டுதுன்னு பொறாமையா உங்களுக்கு?”

என்னிடம் இரண்டு பதில் இருந்தது. பிரிக்கச் சொன்னது உன் அக்காதான் என்று சொல்லலாம். சொன்னால், முதல் ஜாக்கெட்டே உதவாமல் போனது என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பயந்துதான் ஓரகத்தி ஒளித்துக் கொண்டுவந்தார். இல்லையென்றால், நீ மிதிக்கிற மிஷினே என் கம்மல்தான் என்று சொல்லலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பற்களை இறுக்கி நிறுத்தினேன். எதைச் சொன்னாலும் ஒருத்தி உடைவாள். நான் சொல்லக்கூடிய மூன்றாவது பதில் ஒன்றுதான் இருந்தது. அதில் பொய் கலக்க வேண்டிய தேவையும் இல்லை.

“ஆமா. பொறாமைதான்” என்றேன்.

அவள் சண்டைக்குத் தயாராக வந்தவள். இதை எதிர்பார்க்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்களுக்காக ஜெபம் பண்றேன் அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். வார்த்தைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அடுத்த ஞாயிறு ஆயர், யாருக்காவது மனதில் பாரமுள்ளவர்கள் எழுந்து ஜெபிக்கலாம் என்றதும் முதலில் எழுந்தது அவள்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“ஆண்டவரே, எனக்குத் தொழில் கத்துக்குடுத்த ஒரு அக்காவுக்காக கெஞ்சறேன். பேரு சொல்லமாட்டேன், உமக்குத் தெரியும். அவங்க மனசுல பொறாம பூந்துக்கினு அவங்கள தின்னுது. அவங்க நல்லவங்க ஆண்டவரே. ஊசி பிடிக்கத் தெரியாதவளுக்கு கையப் பிடிச்சு சொல்லிக்குடுத்தவங்க. அவங்கள விட்டுடாதீங்க.”

போன முறையும் அவள் பெயர் சொல்லவில்லை, சபை தப்பாகக் கண்டுபிடித்தது. இந்த முறை சரியாகவே கண்டுபிடித்துவிட்டது. மூடிய கண்களின் இடுக்கு வழியாக எத்தனை பேர் என்னைப் பார்த்தார்கள் என்பதை என் முதுகு உணர்ந்தது. வல்லத்துக்காரி தேம்பிக்கொண்டிருந்தாள். எனக்காகத்தான் தேம்பினாள், நடிப்பில்லை.

பக்கத்தில் இருந்த ஓரகத்தி என் பக்கம் சாய்ந்தார். “என்னால முடியலம்மா. எழுந்து எல்லாத்தையும் சொல்லிடறேன்” என்று கிசுகிசுத்து, தரையில் கையூன்றி எழப் போனார்.

நான் எத்தனை நாளாக ஏங்கியது அதற்குத்தான். ஒரு நிமிஷம் போதும், மிஷின் யார் கொடுத்தது என்று தெரிந்து சபையே என் பக்கம் திரும்பிவிடும். ஆனால் ஆண்டவர் முன்னால் கண்ணை மூடி எனக்காக அழுதுகொண்டிருப்பவள், கண்ணைத் திறக்கும்போது அத்தனை பேர் நடுவில் கூனிக்குறுகிப் போவாள். அது ஒரு காரணம். உண்மையைச் சொன்னார், அவருக்கு எவ்வளவு பெரிய மனசு என்று அதிலும் நல்ல பெயர் ஓரகத்திக்கே போகும். அதை என்னால் தாங்க முடியாது. அது இன்னொரு காரணம். இரண்டில் எது முதலில் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

இடது கையை நீட்டி அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். “உக்காருங்க அக்கா” என்றேன். உட்கார்ந்தார்.

வல்லத்துக்காரி ஜெபத்தை முடித்தாள். அவள் கேட்டதில் தப்பு என்று ஒரு வார்த்தைகூட இல்லை. ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில், என்ன செய்வது என்று தெரியாமல் சபை தயங்கியது. முதல் ஆமென் என்னுடையதுதான். என் தகரக் குரல் கோயில் முழுக்கக் கேட்டது.